சாப்பாட்டு பெல்

ஜூன் 3, திங்கள்

மேலாளர் ஜெபமணி காலையில் அறைக்கு வந்து, இல்லத்தின் தீப் பாதுகாப்புக் குழுவுக்கு என்னைத் தலைவராக நியமித்திருப்பதாகச் சொன்னார். குழுவில் வேறு யார் யார் என்று கேட்டேன். "இப்போதைக்கு நீங்கதான் சார்" என்றார்.

என் தகுதி இதுதான்: வேலை பார்த்த காலமெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தீ விபத்து சர்வேயராக இருந்தேன். எல்லாம் எரிந்து, சூடும் ஆறிய பிறகு போய், என்ன எரிந்தது என்று எழுதுகிற வேலை. தீப்பெட்டி ஆபீஸ், பஞ்சாலை, ஜவுளிக்கடை எனத் தென் மாவட்டச் சாம்பலில் பெரும்பகுதியை மிதித்திருக்கிறேன். எரிகிற தீ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இதை ஜெபமணியிடம் சொன்னேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வெளியூரில் எங்கோ ஒரு முதியோர் இல்லத்தில் தீப்பிடித்ததாம். அதனால் எல்லா இல்லங்களையும் மதிப்பிடச் சொல்லி உத்தரவு. எங்கள் இல்லம் பாளையங்கோட்டையில் முன்பு லாட்ஜாக இருந்த கட்டடம். அப்போது ஒரு ராத்திரி தங்குகிறவர்களுக்காகக் கட்டியது. இப்போது நாங்கள் தங்குகிறோம்.

ஆவுடை வழக்கம்போலக் காலையில், "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். இன்று கோவில்பட்டி என்றேன். "அந்த லைன் கொரகொரன்னு இருக்கும்" என்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். நான் தினமும் ஓர் ஊர் சொல்கிறேன். எல்லா ஊர் லைனையும் நினைவு வைத்திருக்கிறாள். கல்யாணம் செய்துகொண்ட ஆள் மட்டும் நினைவில் இல்லை.

ஜூன் 5, புதன்

மதிப்பீட்டுக்கு வந்திருப்பவர் நஸ்ரின் என்ற பெண் பொறியாளர். மேலப்பாளையம். முப்பது வயதுகூட இருக்காது. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டார். நல்ல சர்வேயருக்கு அந்த முகம்தான் வேண்டும்.

கட்டடத்தை மட்டுமல்ல, எங்களையும் மதிப்பிடுவாராம். பெல் அடித்தால் தானே நடந்து படியிறங்கி வெளியே வருபவருக்குப் பச்சை. ஓர் ஆள் துணை வேண்டும் என்றால் மஞ்சள். தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்றால் சிவப்பு. பச்சை மட்டுமே மாடியில் இருக்கலாம். மற்றவர்கள் தரைத்தளத்துக்கு வந்துவிட வேண்டும்.

தரைத்தளத்தில் ஆண்கள் கூடம் ஒருபுறம், பெண்கள் கூடம் மறுபுறம், நடுவில் அலுவலகம். தம்பதிகள் சேர்ந்திருக்கும் அறைகள் இரண்டாம் மாடியில் மட்டும்தான் உண்டு. நாங்கள் இருப்பது அதில் ஒன்று.

ஆகவே ஆவுடைக்குப் பச்சை வாங்கியாக வேண்டும். எனக்குப் பிரச்சினை இல்லை. குழுவின் தலைவன்.

மாடிப்படியில் உள்ள கிரில் கேட்டைப் பூட்டக் கூடாது என்றும் நஸ்ரின் சொல்லிவிட்டார். அது ஆவுடை எங்காவது போய்விடுவாள் என்று என் வேண்டுகோளின் பேரில் போட்ட பூட்டு. குழுத் தலைவன் என்ற முறையில் அந்தப் பூட்டை வன்மையாகக் கண்டித்தேன்.

ஜூன் 8, சனி

முதல் ஒத்திகை.

முன்னறிவிப்பு இல்லாமல் பெல் அடிக்க வேண்டும் என்று நஸ்ரின் சொல்லியிருந்தார். இல்லத்தில் இருப்பது ஒரே பெல். அதைத்தான் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு அடிக்கிறார்கள். பதினோரு மணிக்கு அது அடித்ததும், இரண்டு மாடிகளிலிருந்தும் எல்லோரும் கையில் டம்ளரோடு இறங்கினார்கள். தள்ளவில்லை, முந்தவில்லை. முட்டிவலியால் பல மாதமாகக் கீழே வராத தளவாய் தாசில்தார் முதல் ஆளாக இறங்கினார். அத்தனை பேரும் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

தீ சமையலறையில் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வது நஸ்ரினின் ஏற்பாடு.

ஜெபமணி பெருமையோடு அவரைப் பார்த்தார். "எப்படி ஒழுங்கா வந்தாங்க பாத்தீங்களா மேடம்?"

"ஆமா சார். தீக்கு நேரா ஒழுங்கா வந்தாங்க" என்றார் நஸ்ரின்.

தளவாய், சாம்பார் எங்கே என்று கேட்டார்.

ஆவுடை இறங்கவேயில்லை. பெல் சத்தம் கேட்டதும் மேசைப் பக்கம் கையை நீட்டி, இல்லாத ரிசீவரை எடுத்து, "நம்பர் சொல்லுங்க" என்றிருக்கிறாள். மாடியைக் கவனித்துக்கொள்ளும் இசக்கியம்மாள் சொன்னாள்.

ஜூன் 9, ஞாயிறு

பூட்டு இருந்தவரை ஆவுடை தினமும் அந்த கேட்டைப் பிடித்து ஆட்டுவாள். எடுத்த பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

குழு கூடியது. மதிப்பீடு முடியும்வரை பெல் தீக்கு மட்டும்தான், சாப்பாட்டுக்கு இல்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தேன். இனி சாப்பாட்டுக்கு இசக்கி குரல் கொடுப்பாள். அவள் குரல் எங்கே காதில் விழாமல் போய்விடுமோ என்று பாதிப் பேர் காலையிலிருந்தே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முற்றத்தின் கோடியில் மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை நட்டிருக்கிறார்கள். தீ என்றால் எல்லோரும் வந்து நிற்க வேண்டிய இடம். வெளியேறும் வழி என்ற பலகைகளில் வரைந்த ஓடுகிற ஆளையே பெயிண்டர் அதிலும் வரைந்துவிட்டார். ஓடி வந்து சேர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இடது செருப்பைக் காணவில்லை. அறைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். இசக்கி கொண்டுவந்து வைத்தாள். "சர்வேயர் சார், செருப்பு படிக்கட்டுல கெடக்கு. அத விட்டுட்டு வந்தது தெரியலியா?" என்றாள். வார் தளர்ந்துவிட்டது. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

ஆவுடைக்குப் பயிற்சி தொடங்கினேன்.

ஜெபமணியின் செல்போனில் பெல் சத்தத்தைப் பதிவு செய்து வாங்கிக்கொண்டேன். சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போக வேண்டும் என்றேன். எதற்கு என்றாள். தீ என்றேன். எங்கே என்றாள். இல்லை, பிடித்தால் என்றேன். பிடித்த பிறகு போவோமே என்றாள். இந்த வாதத்துக்கு என் சர்வீஸ் முழுக்கத் தேடியும் பதில் கிடைத்ததில்லை.

சாயங்காலம் வேறு வழி பிடித்தேன். பெல் அடித்ததும் அவள் கை ரிசீவரைத் தேடியது. "போன் இங்க இல்ல. கீழ பச்சைப் பலகைகிட்ட மாத்திட்டாங்க" என்றேன்.

"யாரு பேசுதா?"

யோசிக்க நேரமில்லை. "உங்க வீட்டுக்காரர்" என்றேன்.

சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "சர்வேக்குப் போயிருக்காவ. சாயந்தரம் பேசுதேன்னு சொன்னாவ" என்றாள். படிகளில் அவள் இறங்கிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மடித்துக் கட்டாத வேட்டி தடுக்கியது.

பலகையருகே கொஞ்ச நேரம் நின்றோம். லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லித் திரும்பக் கூட்டிவந்தேன். அவளுக்கு வருத்தமில்லை. லைன் கிடைக்காதது அவளுக்குப் பழக்கம்.

ஜூன் 18, செவ்வாய்

மாதாந்திர மருத்துவப் பரிசோதனை. ஆவுடைக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. அவள் வயதுக்கு அவள் காலும் கையும் பரிசு வாங்கும் என்றார் டாக்டர்.

என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் குண்டூசியால் குத்துவதாகச் சொன்னார். தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றேன். இன்னும் குத்தவில்லை என்றார். பிறகு குத்தினாராம்.

டாக்டர்களுக்கு இப்படி ஒரு நகைச்சுவை உணர்ச்சி.

சர்க்கரை மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்கிறார். நஸ்ரினுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். குழு வேலை வேறு, சொந்த விஷயம் வேறு.

ஜூன் 21, வெள்ளி

நெல்லையப்பர் தேரோட்டம். நடக்க முடிந்த ஊழியர்கள் எல்லாம் ரதவீதிக்குப் போய்விட்டார்கள். இல்லம் அமைதி. காலையிலும் மதியமும் பயிற்சி செய்தோம். ஆவுடை இப்போது பெல்லின் முதல் சத்தத்திலேயே எழுந்துவிடுகிறாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். வழியில் திரும்பி, "சார், வாரியளா?" என்று கேட்டுக்கொள்கிறாள். துணைக்கு ஆள் இருந்தால் அவளுக்குத் தெம்பு. அதற்காகத்தான் கூடவே போகிறேன்.

அறையில் தரையெல்லாம் ரத்தத் திட்டு. பதறிப்போய் ஆவுடையை உட்காரவைத்து இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. இசக்கி தேர் பார்த்துவிட்டு வந்ததும் என் காலைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ சார்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை எடுக்கப் போனாள். கண்ணாடித் துண்டு. எந்தப் படியில் கிடந்ததோ. படிக்கட்டுகளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று குழு சார்பில் ஜெபமணிக்கு எழுதினேன்.

ஜூன் 24, திங்கள்

ஊர் கேட்டாள். திருநெல்வேலி என்றேன். "லோக்கலா" என்று சொல்லி ஆர்வம் இழந்துவிட்டாள்.

ஜூன் 28, வெள்ளி

நஸ்ரின் முன்சோதனைக்கு வந்தார். மாடியில் ஒவ்வொருவராக நடக்கவைத்துப் பார்த்தார். ஸ்டாப் வாட்சை நான் வாங்கிக்கொண்டேன். நேரம் பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்பதுதான் முறை.

தளவாய் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்து பச்சைக்கு அருகில் வந்தார். கண் தெரியாத சொர்ணத்தம்மாள் சுவரைத் தடவிக்கொண்டு அவரைவிட வேகமாக வந்தார். ஆவுடை இருவரையும் தாண்டிப் போனாள். நஸ்ரின் முதல்முறையாகச் சிரித்தார்.

பிறகு, "சார், நீங்க ஒரு தடவை நடந்து காட்டுங்க" என்றார். வாட்ச் யார் பிடிப்பது என்றேன். தானே பிடிப்பதாகச் சொன்னார். நடந்தேன்.

"சுவத்தப் புடிக்காம சார்."

பிடிக்கவில்லை, சுண்ணாம்பு உதிர்கிறதா என்று பார்த்தேன் என்றேன். பழைய சர்வேயர் பழக்கம். அவர் ஒன்றும் எழுதவில்லை. இறுதி ஒத்திகையில் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். போகும்போது, "உங்க காலுக்கு என்ன கட்டு சார்?" என்று கேட்டார்.

தேர் பார்க்கப் போனதில் மிதிபட்டது என்றேன்.

ஜூலை 1, திங்கள்

நாளை. புதுச் செருப்பு வாங்கிவரச் சொல்லியிருந்தேன், பின்னால் வார் வைத்தது. வந்துவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஆவுடையிடம் சொன்னேன்: "இன்னைக்கு பெல் அடிச்சா எங்கயும் நிக்கக் கூடாது. போன் உங்களுக்குத்தான்."

"சார் வருவியள்லா?"

"பின்னாலயே வாரேன்."

பத்தரைக்குப் பெல் அடித்தது. அவள் எழுந்து போனாள். நானும் பின்னாலேயே போனேன். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில் ஒரு சன்னல் இருக்கிறது. சாரல் காற்று நன்றாக வரும். அங்கே சற்று உட்கார்ந்தேன். எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். டம்ளர் ஒருவர் கையிலும் இல்லை. குழுவின் பணி வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தளவாய் குனிந்து, என்ன என்று கேட்டார். ஆட்கள் சரியாக இறங்குகிறார்களா என்று கவனிப்பதாகச் சொன்னேன். எழுந்திருக்கலாம் என்று இரண்டு மூன்று தடவை தீர்மானித்தேன். தீர்மானம் பாதம்வரை போய்ச் சேரவில்லை.

படிக்கட்டு காலியானது. பெல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கீழிருந்து ஒரே ஓர் ஆள் ஏறிவரும் சத்தம் கேட்டது.

அவள் பலகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். முதல் ஐந்து பேரில் ஒருத்தி. நஸ்ரின் அவள் பெயருக்கு எதிரே பச்சை போட்டும் விட்டார். பிறகு ஆவுடை எல்லா முகத்தையும் பார்த்திருக்கிறாள். "எங்கூட வார சார் வரல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறாள். நஸ்ரின் கூப்பிட்டிருக்கிறார், ஜெபமணி குறுக்கே நின்றிருக்கிறார். அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

"எந்திரிங்க சார்" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

"நீங்க போங்க. லேட்டானா அவர் போனை வச்சிருவாரு" என்றேன்.

"வைக்க மாட்டாவ. நான் வார வரைக்கும் லைன்லயே இருப்பாவ."

என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். எழுந்தேன். இறங்கினோம். முற்றத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி ஆட்களாகப் பலகைக்குப் போய்ச் சேர்ந்தோம். புதுச் செருப்பு இரண்டுமே காலில் இருந்தன. அந்தக் கடைக்காரனைப் பாராட்ட வேண்டும்.

நஸ்ரின் என்னைத் தனியே நாற்காலியில் உட்காரவைத்தார். "வெளிய வந்தவங்க திரும்ப உள்ள போறதுதான் சார் இதுல பெரிய தப்பு. நிஜத் தீயா இருந்தா ரெண்டு பேருமே இல்ல."

தெரியும் என்றேன். அப்படிப்பட்ட இடங்களுக்குப் போயிருக்கிறேன். இரண்டு பேர் ஒரே இடத்தில் இருந்தால், அதில் ஒருவர் திரும்பி வந்தவர் என்று நாங்கள் எழுதுவோம்.

"அம்மாவுக்குப் பச்சை போட முடியாது சார். நாளைக்கும் திரும்பிப் போவாங்க."

"திரும்பிப் போறவங்களுக்கு என்ன கலர்?"

நஸ்ரின் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். "அப்படி ஒரு கலர் இல்ல சார். மஞ்சள்னு போடுதேன்."

எனக்கு என்ன என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன்.

ஜூலை 3, புதன்

மழை.

ஜூலை 6, சனி

அறையைக் காலி செய்தோம். எனக்கு ஆண்கள் கூடத்தில் வாசலை ஒட்டிய கட்டில். தூக்கிச் செல்ல வேண்டியவர்களுக்கு வாசல் பக்கம் என்பது குழுவின் சிபாரிசு. சக்கர நாற்காலி ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

பெண்கள் கூடத்தில் ஆவுடைக்கு சன்னலோரக் கட்டில். இசக்கி அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஆவுடை அலுவலக வாசலில் நின்று, டிரான்ஸ்பர் ஆகிப் போகிறவர்கள் சொல்வது மாதிரி, "வாரேன் சார். ஒத்தாசையா இருந்திய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் இருந்த அறையைத் தளவாய் கேட்டிருக்கிறார். பச்சை வாங்கிவிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

ஆண்கள் கூடத்தில் காலையில் யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

ஜூலை 11, வியாழன்

முறையான சைரன் பொருத்திவிட்டார்கள். ஊதிக் காட்டினார்கள். ஒருவரும் வெளியே போகவில்லை. ஆம்புலன்ஸ் என்று நினைத்து எல்லோரும் அவரவர் வாசலில் நின்று, யாருக்கு என்று எட்டிப் பார்த்தார்கள். எங்களுக்குத் தெரிந்த சைரன் அது ஒன்றுதான். நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனி தீக்கு சைரன். பெல் பழையபடி சாப்பாட்டுக்கு, நாளை முதல்.

ஜூலை 12, வெள்ளி

காலைச் சாப்பாட்டுக்குப் பெல் அடித்தது. ஆண்கள் எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வரும் என்று கட்டிலில் காத்திருந்தேன்.

ஆவுடை வந்தாள். பெண்கள் ஆண்கள் கூடத்துக்குள் வரக் கூடாது என்று வாசலில் எழுதியிருக்கிறது. அதன் கீழாக வந்தாள். "எந்திரிங்க சார். போன் வந்திருக்கு" என்றாள்.

சக்கர நாற்காலி அவளுக்குப் புதிது. கொஞ்சம் இடித்தாள். சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டிப் பச்சைப் பலகைக்குக் கொண்டுபோனாள். நின்றோம். லைன் கிடைக்கவில்லை.

மதியமும் வந்தாள். இரவும்.

ஜூலை 20, சனி

ஜெபமணி குழுவிடம் ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்தார். பெண்கள் கூடத்துவாசி ஒருவர் பெல் அடிக்கும் ஒவ்வொரு வேளையும் ஆண்கள் கூடத்துவாசி ஒருவரைச் சாப்பிடவிடாமல் முற்றத்துக்குத் தள்ளிச் சென்றுவிடுகிறார். இட்லி ஆறிப்போகிறது. தூறலில் நனைகிறார்கள். பெல்லை மாற்றலாமா, அல்லது பெண்கள் கூடத்துக்கு ஒரு பூட்டுப் போடலாமா?

குழு கூடியது. பூட்டு விதிக்குப் புறம்பானது என்றும், இல்லத்தில் பெல் சத்தம் கேட்டால் வெளியே போகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் இந்தப் பயிற்சி தொடர வேண்டும் என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தது. ஜெபமணி, முற்றத்தில் அந்த இடத்துக்கு மேலே ஒரு தகரம் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் பலகையருகே நின்றபோது ஆவுடை கேட்டாள்: "சாருக்கு வீட்டுல யாரும் இல்லியா?"

"இருக்கா."

"போன் பண்ணுவாங்களா?"

"மூணு வேளையும் கூப்பிடுதா."

"குடுத்து வச்சவரு" என்றாள். ரிசீவர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுல இன்னைக்கும் பேசல" என்றாள்.

லைன் கொரகொரவென்று இருக்கும் என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது. குனிந்து பார்த்துக்கொண்டேன். செருப்பு இரண்டும் காலில்தான் இருக்கின்றன.